காலை வெட்டும் வைத்தியம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நண்பர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம், மதுரையில் அவரைத் தெரிந்தவர்கள் அதிகம். வந்தவர், காப்பி டம்ளர் கைக்கு வருவதற்கு முன்பே தம் கைபேசியை என் முன் நீட்டினார். அதில் மூன்று படங்கள். மூன்றும் மோட்டார் காரின் முன் சக்கரங்களுக்கு மாட்டுகிற ஸ்பிரிங் ஸெட்டுகள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், மற்றொன்று தங்க நிறம். கல்யாணப் புடைவைக் கடையில் உட்கார்ந்திருப்பது போல் எனக்கு ஒரு பிரமை உண்டாயிற்று.

"ஸார், அப்பா வைத்துவிட்டுப் போன அம்பாஸடர். 68-ஆம் வருஷத்து வண்டி. முன்பக்கம் தடதடவென்று அடிக்கிறது. பழைய டார்ஷன் பார், ஆர்ம் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, இதில் ஒன்றைப் போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன். மூன்றில் எது நல்லது, சொல்லுங்கள்!"

"மூன்றும் வேண்டாம்" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்கள் கதையிலே மட்டும்தான் புரட்சி பண்ணுவீர்கள் போலிருக்கிறது!" என்று சொல்லிவிட்டு, காப்பியை மட்டும் மறக்காமல் குடித்துவிட்டுப் போனார். அன்று அவரிடம் சொல்ல நேரம் கிடைக்காததை இங்கே எழுதுகிறேன். அவருக்காக மாத்திரம் எழுதவில்லை. பழைய கார் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு, அதற்கு என்ன செய்வது என்று தெரியாமல், எதையாவது செய்துவிட வேண்டும் என்று துடிக்கிற எல்லாருக்காகவும் எழுதுகிறேன். நான் இஞ்ஜினீயர் இல்லை. கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன். ஆனால் இந்த விஷயத்தில் பேசுவதற்கு எனக்கு ஒரு யோக்கியதை உண்டு. அந்த யோக்கியதையை நான் எப்படிச் சம்பாதித்தேன் என்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

முதலில், கழற்றி எறிய வேண்டும் என்கிறார்களே, அது என்ன என்று பார்த்துவிடுவோம்.

மதுரைச் சீமையில் ஒரு காலத்தில் பெரிய வீட்டுக்காரர்கள் வில் வண்டி வைத்திருந்தார்கள். பாரவண்டிக்கும் வில் வண்டிக்கும் மாட்டில் வித்தியாசம் கிடையாது. அச்சுக்கு மேலே இருக்கிற இரும்புப் பட்டைகளில்தான் வித்தியாசம். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போது பட்டை வளையும். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களின் முதுகெலும்பு தப்பிக்கும். மோட்டார் காரில் இருப்பதும் அந்த வில்லின் பேரப்பிள்ளைதான். அம்பாஸடரின் பின்பக்கம் பார்த்தால், அந்தப் பட்டைகளே அடுக்கடுக்காக இருக்கும். முன்பக்கத்தில் மட்டும் வளையும் வில் கிடையாது. முறுக்கும் வில் இருக்கிறது. அதற்குத்தான் டார்ஷன் பார் என்று பெயர்.

ஈரத் துணியைப் பிழிகிறோம் அல்லவா? ஒரு முனையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மறு முனையை முறுக்குகிறார். கையைத் தளர்த்தினால் துணி திரும்பச் சுழல்கிறது. துணிக்குப் பதில் நீளமான உருக்குக் கம்பி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அது காரின் அடியில், நீளவாக்கில் படுத்திருக்கிறது. முன் முனை சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கையோடு பிணைந்திருக்கிறது. பின் முனை வண்டியின் நடுப்பகுதியில், அசையாத இடத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் மேடேறினால் கை உயரும், கம்பி முறுக்கிக்கொள்ளும். மேடு தாண்டியதும் கம்பி தன் சுபாவப்படி திரும்பிவிடும். நாளாவட்டத்தில் வண்டி கொஞ்சம் தணிந்துவிட்டால், பின் முனையின் பிடிப்பை மாற்றி வைத்து உயரத்தைச் சரிசெய்துகொள்ளலாம். வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

இது பட்டிக்காட்டு ஏற்பாடு என்று என் நண்பர் நினைக்கிறார். அவருக்கு ஒரு செய்தி. அம்பாஸடர் நம் நாட்டில் பிறந்தது 1957-ல். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை மாதிரியாகக் கொண்டு, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் இருந்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் செய்தார்கள். அதே 1957-ஆம் வருஷத்து மாடல்களில்தான் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி தன் கார்களுக்கு முன்பக்கம் டார்ஷன் பாரைக் கொண்டுவந்தது. பின்னால் அறுபதுகளில் அமெரிக்க இளைஞர்களின் தூக்கத்தைக் கெடுத்த 'மஸில் கார்'களில் டாட்ஜ் சார்ஜர் ஒன்று. அதற்கும் முன்னால் டார்ஷன் பார்தான். 1961-ல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பை உலகத்திலேயே அழகான கார் என்று சொல்லுகிறவர்கள் பலர். அதற்கும் முன்னால் டார்ஷன் பார்தான். கழற்றி எறிய வேண்டிய குப்பை என்று நாம் முடிவுகட்டிய கம்பிக்கு இத்தனை பெரிய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள்!

"அப்படியானால் ஏன் ஸார் தடதடவென்று அடிக்கிறது?" என்று நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டு, பதில் தெரிந்துகொண்ட பிறகல்லவா அவர் கைபேசியில் படம் பார்த்திருக்க வேண்டும்?

பெரும்பாலும் அடிப்பது டார்ஷன் பார் அல்ல. ஆர்ம் சுழல்கிற இடத்தில் ரப்பர் புஷ் இருக்கிறது. அது காலத்தாலும் எண்ணெயாலும் வெயிலாலும் வெடித்துப் பொடியாகிப் போகும். கிங் பின்னும் அதன் புஷ்ஷும் தேய்ந்து சக்கரம் ஆடும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வற்றி, அது வெறும் குழாயாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கிரீஸ் நிப்பிள் என்று ஒன்று இருப்பதே வண்டிச் சொந்தக்காரருக்குத் தெரிந்திருக்காது; அதன் மேல் பத்து வருஷத்துச் சேறு கல்லாகக் காய்ந்திருக்கும். இவ்வளவையும் கவனிக்காமல் விட்டுவிட்டு, "டிஸைன் சரியில்லை" என்று தீர்ப்புச் சொல்லுகிறோம். பல் தேய்க்காதவன் தாடையை மாற்றிக்கொள்ளப் புறப்பட்ட கதை இது.

இதற்கு நம் ஊரிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் ஹெரால்டு என்று ஒரு கார் செய்தது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் சமர்த்து வண்டி. அதன் முன் சக்கரங்கள் கீழே ஒரு பித்தளை மரையில் உட்கார்ந்து திரும்பும். அந்த மரைக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, கெட்டியான கியர் எண்ணெய்தான் விட வேண்டும் என்பது அதைச் செய்தவர்களின் விதி. நம்மவர்களுக்கு எல்லா நிப்பிளும் ஒன்றுதான், கிரீஸைப் பாய்ச்சினார்கள். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது. உள்ளே துருவேறித் தேய்ந்து, ஒரு நாள் திருப்பத்தில் படக்கென்று ஒடிந்து, சக்கரம் மடங்கிக்கொள்ளும். "ஹெரால்டு காலை உடைத்துக்கொள்ளும் வண்டி" என்று பெயர் வந்துவிட்டது. உடைத்தது யார்?

இனி என் யோக்கியதையைச் சொல்லும் இடம் வந்துவிட்டது. நண்பர் இப்போது செய்ய நினைக்கிற காரியத்தை நான் ஆறு வருஷங்களுக்கு முன்பே செய்தவன்.

என்னிடம் இருப்பது 1965-ஆம் வருஷத்து மார்க் டூ. ஒரு நாவலுக்குக் கொஞ்சம் பணம் வந்தது. நல்ல புத்தி இருந்தால் வீட்டு மொட்டைமாடிக்கு ஓடு பதித்திருப்பேன். ஒரு பட்டறையில் ஆசை காட்டினார்கள். டார்ஷன் பாரை எடுத்துவிட்டு, ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த புது ஸெட் ஒன்றை வெல்டிங் வைத்து மாட்டிக் கொடுத்தார்கள். பழைய கம்பிகளைக் கேட்டேன். "அதை இரும்புக் கடைக்குப் போட்டாச்சு ஸார், உங்களுக்கு எதுக்கு?" என்றார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

முதல் மாதம் சொர்க்கம்! வண்டி பூப்போல மிதந்தது. சந்தித்தவர்களையெல்லாம் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டு சிம்மக்கல்லைச் சுற்றினேன். நாலாம் மாதம், என் அத்தையை அழகர்கோயிலுக்கு அழைத்துப் போய்விட்டு, மேலூர்ப் பாதையாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். வேகம் நாற்பதுக்கு மேல் இல்லை. ஒரு வேகத்தடை, அதற்கு வெள்ளைக்கோடு கிடையாது. ஏறி இறங்கியதும் இடது பக்கம் துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம். ஸ்டீயரிங் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிற்று. வண்டி சாலையைவிட்டு இறங்கி, வாய்க்கால் கரையில் ஒரு புளியமரத்துக்கு நாலு அடி இப்பால் நின்றது. அந்த நாலு அடிக்கு நான் காரணமில்லை; கரை மண் ஈரமாயிருந்தது, அவ்வளவுதான். அத்தைக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டோடு படுத்திருந்த அத்தை என்னைத் திட்டவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "ஏண்டா, முன்னாடி தடதடன்னுதானே இருந்துச்சு? ஓடிக்கிட்டுத்தானேடா இருந்துச்சு?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை.

வண்டியை இழுத்துக்கொண்டு போய், கீழவெளி வீதிப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒரு பெரியவரின் பட்டறையில் விட்டேன். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, "தம்பி, பாரம் எங்க இறங்குதுன்னு யாராச்சும் பார்த்தீங்களா?" என்று கேட்டார். மோட்டார்ச் சாஸ்திரம் முழுவதையும் அந்த ஒரு கேள்வியில் நான் படித்தேன்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்லுகிறேன். அம்பாஸடருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடம்பேதான் சட்டம். எந்த இடத்தில் எவ்வளவு பாரம் வரும் என்று கணக்குப் போட்டு, அந்தந்த இடத்தில் தகட்டைக் கெட்டியாக்கியிருக்கிறார்கள். டார்ஷன் பார் இருக்கும்போது பாரம் கீழ்க் கையின் அச்சிலும், முறுக்கு வண்டியின் நடுவயிற்றிலும் போய் இறங்குகிறது. மேலே ஷாக்கின் தலை மாட்டுகிற இடத்துக்கு வேலை ரொம்பக் குறைவு. ஆட்டத்தை அடக்கினால் போதும், வண்டியைச் சுமக்க வேண்டாம். புது ஸெட்டில் என்ன நடக்கிறது? ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றியே இருக்கிறது. ஆகவே வண்டியின் பாரம் முழுவதும் அந்த மேல் இடத்தில் போய் உட்காருகிறது.

வண்டி சுமார் 1,100 கிலோ. ஒரு முன் சக்கரத்தின் பங்கு 250, 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிரிங்கைக் கீழ்க் கையின் பாதித் தூரத்தில் ஊன்றினால், நெம்புகோல் கணக்குப்படி அந்த ஸ்பிரிங் தாங்க வேண்டியது அதைப் போல இரண்டு மடங்கு. அரை டன்னுக்கு மேல். இது வண்டி சும்மா நிற்கும்போது. குழியில் விழுந்து எழும்போது இதுவும் பல மடங்காகும். சும்மா குடை பிடிக்க வந்தவன் தலையில் நெல் மூட்டையை ஏற்றி, நாலு மாதம் ஓடவும் விட்டால் என்ன ஆவான்? கழுத்து முறிந்து விழுவான். என் வண்டியின் தகடு கிழிந்தது அப்படித்தான். வெல்டிங் கெட்டியாகவே இருந்தது. அதைச் சுற்றியிருந்த தகடுதான் தபால்தலை ஓரம்போலக் கிழிந்திருந்தது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. சக்கரம் மேலும் கீழும் போகும்போது, ஆர்மும் ஸ்டீயரிங் ராடும் ஒரே போக்கில் வட்டமடிக்க வேண்டும். ஆர்மின் நீளத்தையோ உயரத்தையோ மாற்றிவிட்டு ராடை மட்டும் பழையபடி விட்டால், இரண்டும் இரண்டு விதமாக இழுக்கும். ஓட்டுகிறவன் திருப்பாமலே, ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகத் திரும்பும். சமதரையில் பட்டறைக்காரர் ஓட்டிக் காட்டும்போது இது தெரியாது. நத்தம் சாலையில் தெரியும்.

இனி என்மேல் வீசப்படும் கற்களுக்கு வருகிறேன்.

"அமெரிக்காவில் எல்லாரும் மாற்றுகிறார்களே!" என்பது முதல் கல். உண்மை. 1964-ல் வந்த ஃபோர்டு மஸ்டாங் காரில் முன் ஸ்பிரிங் மேல் ஆர்மின்மேல் உட்கார்ந்து, இஞ்ஜினுக்கு இரண்டு பக்கமும் கோபுரம்போல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். பெரிய இஞ்ஜினை உள்ளே இறக்க ஆசைப்படுகிறவர்கள் அந்தக் கோபுரங்களை வெட்டிவிட்டு, 1974-ல் வந்த மஸ்டாங் டூவின் முன்பக்கத்தை ஒட்டிச் செய்த ஸெட்டுகளைப் போடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. யோக்கியமாகச் செய்கிறவர்கள் பாரம் புதிதாக இறங்குகிற இடத்துக்குத் தனி இரும்பு கொடுத்துக் கட்டுகிறார்கள். நாம் அவர்களுடைய காரணத்தையும் எடுத்துக்கொள்வதில்லை, கணக்கையும் எடுத்துக்கொள்வதில்லை. நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். நம் அம்பாஸடரின் 1,489 ஸிஸி இஞ்ஜினைச் சுற்றி ஒரு ஆளே இறங்கி நின்று வேலை செய்யலாம். எதற்காக ஐயா வெட்டுகிறீர்கள்?

"நீ பழமைவாதி" என்பது இரண்டாவது கல். இல்லவே இல்லை. முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் சரியான முறையில் போடுகிறீர்களா? போடுங்கள், நான் வந்து தேங்காய் உடைக்கிறேன். ஸீட் பெல்ட் போடுங்கள். அன்று அத்தைக்கு அது இருந்திருந்தால் மணிக்கட்டு தப்பியிருக்கும். அந்தக் குற்றமும் என்னுடையதுதான். நல்ல டயர், நல்ல விளக்கு, நல்ல ஷாக் எல்லாம் போடுங்கள். புதியது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தெரியாமல் வெட்டாதீர்கள் என்கிறேன். பழையதில் கைவைக்கவே கூடாது என்று துருவுக்கும் பூஜை போடுகிற பக்தர்களோடும் எனக்கு உறவு கிடையாது. தேய்ந்த கிங் பின்னைப் புராதனச் சின்னமாகப் போற்றுகிறவனும் என் நண்பரைப் போலவே ஒருநாள் யாரையாவது கொல்லுவான்.

"சாமான் கிடைப்பதில்லை" என்பது மூன்றாவது. அம்பாஸடர் உற்பத்தி 2014-ல் நின்றுபோனது மெய். ஆனால் 57 வருஷம் ஓடிய வண்டி, ஊர் ஊராக அரசாங்க அலுவலகத்திலும் டாக்ஸி ஸ்டாண்டிலும் நின்ற வண்டி. என் வண்டிக்குக் கம்பிகளைப் பெரியவர் மூன்று வாரத்தில், கழித்துப் போட்ட வண்டி ஒன்றிலிருந்து தேடி எடுத்தார். இடது பக்கத்துக் கம்பியை வலது பக்கத்தில் போடக் கூடாது என்று சுண்ணாம்பால் குறி வைத்தார். ஒரே திசையில் முறுக்கிப் பழகிய இரும்பை எதிர்த்திசையில் முறுக்கினால் தாங்காதாம். அந்த நுட்பம் அவரோடு போய்விடுமோ என்பதுதான் என் கவலை. சாமானைப் பற்றி இல்லை.

"என் வண்டி, என் பணம்" என்பது கடைசிக் கல். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர்கள் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதிப்படுத்தியிருக்கிறது. எந்த மாற்றம் இதில் அடங்கும், எது அடங்காது என்று வக்கீல்கள் வாதாடட்டும். நண்பருக்கு இதைவிட நெருக்கமான விஷயம் ஒன்று உண்டு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருஷம் தாண்டிய வண்டியைப் புராதன வாகனமாகப் பதிவு செய்து, 'விஏ' என்ற எழுத்துக்களோடு நம்பர் வாங்கலாம். முதல் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். இந்த நம்பரோடு தினமும் ஆபீஸுக்குப் போக முடியாது, கண்காட்சிக்கும் பவனிக்குந்தான். ஆனால் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சட்டத்திலோ உடலிலோ இஞ்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருந்தால் அந்தத் தகுதி போயிற்று. அப்பாவின் நினைவு என்று சொல்லிச் சொல்லிக் கண் கலங்குகிற நண்பர், அந்த நினைவின் எலும்பை வெட்டிவிட்டு எதைப் பதிவு செய்யப் போகிறார்?

சரி, என்னதான் செய்வது? முதலில் டயரையும் காற்றையும் பாருங்கள். பிறகு புஷ், கிங் பின், ஷாக். பிறகு டார்ஷன் பாரின் உயரம். எல்லாம் முடிந்து சக்கர அலைன்மெண்ட். இவ்வளவும் செய்து, ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்கள். அப்போதும் திருப்தி இல்லையென்றால், ஸெட் விற்கிறவரிடம் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: பாரம் எங்கே இறங்குகிறது? அந்த இடத்துக்கு என்ன பலம் கொடுத்திருக்கிறீர்கள்? சக்கரம் மேலே போகும்போது ராடு எந்தப் போக்கில் போகிறது? மூன்றுக்கும் காகிதத்தில் படம் போட்டுப் பதில் சொன்னால் வாங்குங்கள். நானே பணம் கொண்டுவந்து முதல் ஆளாக நிற்கிறேன். "எல்லாரும் இதைத்தான் ஸார் போடுறாங்க" என்று பதில் வந்தால், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

மதுரையில் 1911-ல் மோட்டார்த் தொழிலைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லுவார்கள். அந்நாளில் மாட்டு லாடத்து ஆணிகள் சாலையெல்லாம் சிதறி பஸ் டயர்களைக் குத்திக் கிழித்தனவாம். அவர் காந்தம் கட்டிய வண்டி ஒன்றைச் சாலையில் ஓடவிட்டு ஆணிகளைப் பொறுக்க வைத்தாராம். டயரைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. டயருக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தார். இந்த ஊரில் பிறந்த நாம் அந்த ஒரு குணத்தையாவது மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டாமா?

அத்தையின் மணிக்கட்டு கூடிவிட்டது. குளிர்காலத்தில் மட்டும் வலிக்கும். அந்த வலியைப் பற்றி அவள் பேசும் ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன். நண்பரே, வெட்டுவதானால் வெட்டுங்கள், உங்கள் வண்டி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு பழைய பாயை விரித்து, அரைமணி நேரம் அதன் அடியில் படுத்துப் பாருங்கள். பாரம் எங்கே இறங்குகிறது என்று உங்கள் கண்ணாலேயே தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகு வெட்டுங்கள்.